பழைய லூகாஸ் டைனமோ சார்ஜ் ஏற்றவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மார்க் 1, மார்க் 2 அம்பாசடர், மோரிஸ் மைனர், 1961 முதல் மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இந்த வண்டிகளில் பேட்டரி இறங்கினால் பட்டறையில் முதலில் காதில் விழுவது, "டைனமோ போச்சு சார், காயில் கட்டணும்" என்பது. அடுத்து, "பேசாம ஆல்டர்னேட்டர் மாட்டிடுங்க" என்பார்கள். இரண்டுக்கும் தலையாட்டுவதற்கு முன் அரை மணி நேரம் செலவழித்து வயரைப் பாருங்கள். நான் பார்த்தவரை இந்த வண்டிகளில் பழுது பெரும்பாலும் டைனமோவுக்குள் இருப்பதில்லை. உளுத்த வயர், தளர்ந்த ஸ்குரூ, துரு பிடித்த எர்த் இவற்றில்தான் இருக்கிறது. நல்ல ஆர்மேச்சரை (டைனமோவுக்குள் சுற்றும் பகுதி) கழற்றிக் கட்டக் கொடுத்துவிட்டு, அதே உளுத்த வயரில் திரும்ப மாட்டினால் அதே கோளாறுதான் திரும்பி வரும்.

இங்கே சொல்வது சி39, சி40 வகை 12 வோல்ட் லூகாஸ் டைனமோவும் ஆர்பி106 கட்-அவுட் பாக்ஸும் உள்ள வண்டிகளுக்கு. டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இரண்டும் அந்த பாக்ஸுக்குள்தான் இருக்கின்றன. பாஷ் டைனமோ உள்ள பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்றவற்றில் ஃபீல்ட் (காந்தம் உண்டாக்கும் காயில்) இணைப்பு நேர்மாறாக இருக்கும். அதில் இந்தச் சோதனைகளைச் செய்யாதீர்கள்.

தொடங்கும் முன்

டைனமோவின் பின்பக்கம் இரண்டு டெர்மினல்கள் இருக்கும். பெரியது டி, சிறியது எஃப். டி வழியாகக் கரண்ட் வெளியே வரும்; எஃப் வழியாக ஃபீல்ட் காயிலுக்குக் கரண்ட் போகும். ஃபீல்ட் காயிலின் மறுமுனை உள்ளேயே பாடியில் எர்த் ஆகியிருக்கும். கட்-அவுட் பாக்ஸில் ஏ, ஏ1, எஃப், டி, இ என ஐந்து. ஏ பேட்டரிப் பக்கம், ஏ1 சாவிக்கும் லைட்டுக்கும் போவது, இ எர்த். டாஷ்போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் விளக்கின் ஒரு முனை சாவியிலிருந்தும் மறுமுனை பாக்ஸின் டி-யிலிருந்தும் வரும்.

டி வயர் மஞ்சள், எஃப் வயர் மஞ்சளில் பச்சைக் கோடு, பேட்டரி வயர் பழுப்பு, எர்த் கறுப்பு என்பது கம்பெனிக் கணக்கு. துணி சுற்றிய பழைய வயரில் இத்தனை வருஷத்துக்குப் பிறகு எல்லாமே எண்ணெய் ஊறிய ஒரே கறுப்பாகத்தான் தெரியும். நடுவில் யாராவது கைக்குக் கிடைத்த வயரைப் போட்டிருக்கவும் கூடும். நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்து எது எங்கே போகிறது என்று உறுதி செய்து, இரண்டு முனையிலும் டேப் ஒட்டி எழுதிக்கொள்ளுங்கள்.

பேட்டரியில் எந்த முனை எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். இந்த வண்டிகளில் பல பாசிட்டிவ் எர்த்தாக வந்தவை. பிற்பாடு ரேடியோ, ஸ்டீரியோ மாட்டுவதற்காக மாற்றியிருப்பார்கள். பாசிட்டிவ் எர்த் என்றால் மீட்டரின் சிவப்பு முனை பாடியில், கறுப்பு முனை டெர்மினலில்.

கையில் வேண்டியவை: முள் உள்ள பழைய வகை வோல்ட் மீட்டர் இருந்தால் நல்லது, ஏனென்றால் டைனமோவின் துடிப்பில் டிஜிட்டல் மீட்டரின் எண்கள் குதித்துக்கொண்டே இருக்கும். ஓம் பார்க்க ஒரு மல்டிமீட்டர், இரண்டு பக்கமும் கிளிப் வைத்த ஒரு வயர், ஒரு டெஸ்ட் லாம்ப். வயரைக் கழற்றும்போதெல்லாம் பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றிவிடுங்கள். என்ஜின் ஓடும்போது மட்டும் பேட்டரியைக் கழற்றவே கூடாது. வோல்ட் எகிறி பல்புகள் போகும்.

அறிகுறி 1: சாவி போட்டால் சிவப்பு விளக்கு எரியவே இல்லை

இதில் ஓர் ஆபத்தான காரணம் ஒளிந்திருக்கிறது. அதை முதலில் தள்ளிவிடுவோம். என்ஜின் நின்றிருக்கும்போது, சாவியை அணைத்துவிட்டு, பாக்ஸின் டி-க்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். பேட்டரி வோல்ட் காட்டினால் கட்-அவுட் பாயின்ட் (சேர்ந்து பிரியும் தொடுமுனை) ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடனே பேட்டரியைக் கழற்றிவிட்டு அறிகுறி 5-க்குப் போங்கள்.

பூஜ்யம்தான் என்றால் நிதானமாகப் பார்க்கலாம். பாக்ஸின் டி-யில் இரண்டு வயர் இருக்கும். அதில் மெல்லியது விளக்குக்குப் போவது. அதைக் கழற்றி, சாவியைப் போட்டு, முனையைப் பாடியில் தொடுங்கள்.

விளக்கு எரியவில்லை என்றால்: பல்பு, பல்பு ஹோல்டர், சாவியிலிருந்து வரும் ஃபீட் என்ற வரிசையில் பாருங்கள். ஹோல்டரின் வெளிச்சுற்று துருப்பிடித்திருப்பது சகஜம்.

விளக்கு எரிகிறது என்றால்: பல்பும் ஃபீடும் நன்றாக இருக்கின்றன. டைனமோவுக்குப் போகும் டி, எஃப் இரண்டு வயருமே அறுந்திருக்கலாம் அல்லது கழன்றிருக்கலாம். பாக்ஸுக்குள் ரெகுலேட்டர் பாயின்ட் ஓய்வு நிலையில் டி-யையும் எஃப்-ஐயும் சேர்த்து வைத்திருப்பதால், இரண்டில் ஒன்று ஒழுங்காக இருந்தாலும் விளக்கு எரிந்துவிடும். "விளக்கு எரியுது, அதனால கார்பன் பிரஷ் நல்லா இருக்கு" என்று சொல்வது தவறு. பிரஷ் ஆர்மேச்சரைத் தொடாவிட்டாலும் எஃப் வழியாக ஃபீல்ட் காயில் போய் விளக்கு எரியும். இதைத் தெரியாமல் பலர் பிரஷ்ஷைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பல்பு போயிருந்தாலும் இந்த டைனமோ சார்ஜ் ஏற்றும். ஆல்டர்னேட்டரைப் போல விளக்கின் வழியாக வரும் கரண்டை நம்பி இது தொடங்குவதில்லை; இரும்பில் தங்கியிருக்கும் காந்தமே இதற்குப் போதும். எனினும் வழியில் பெல்ட் அறுந்தால் தெரியாமல் போய்விடும், பல்பை மாற்றிவிடுங்கள்.

அறிகுறி 2: என்ஜின் ஓடுகிறது, விளக்கு அணையவில்லை, சார்ஜ் ஏறவில்லை

அதிகம் வருவது இதுதான். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்குப் போகிறது.

*முதலில் பெல்ட்.* இரண்டு புல்லிகளுக்கு நடுவே நீளமான பகுதியில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 12 மி.மீ. இறங்க வேண்டும். என்ஜின் நின்றிருக்கும்போது டைனமோ புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். பெல்ட் நகராமல் புல்லி மட்டும் வழுக்கினால் தளர்வு. பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடிபோல் மினுங்கினால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், மாற்றுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் டைனமோவின் பின்பக்க வெண்கலப் புஷ் தேய்ந்துபோகும்.

*இரண்டாவது, பாக்ஸின் ஸ்குரூக்களும் டைனமோ டெர்மினல்களும்.* ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெளியே முறுக்கமாகத் தெரிந்து, உள்ளே செம்பு பச்சை பூத்து நாலைந்து இழைகளில் தொங்கிக்கொண்டிருக்கும். டெர்மினலிலிருந்து பத்து சென்டிமீட்டருக்குள் வயரை வளைத்துப் பாருங்கள். ரப்பர் மொறமொறவென்று உடைந்து துணி உறைக்குள் தூளாகக் கொட்டினால், வயரின் காலம் முடிந்துவிட்டது என்று பொருள்.

*மூன்றாவது, டைனமோவைத் தனியாகச் சோதிப்பது.* இந்தச் சோதனை ஒன்றே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். டைனமோவில் டி, எஃப் இரண்டு வயரையும் கழற்றி, முனைகள் எங்கும் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். கிளிப் வயரால் டைனமோவின் டி-யையும் எஃப்-ஐயும் சேர்த்துவிடுங்கள். அந்த இணைப்புக்கும் டைனமோ உடம்புக்கும் இடையே வோல்ட் மீட்டர். என்ஜினை ஸ்டார்ட் செய்து மிக மெதுவாக வேகம் கூட்டுங்கள். முள் தடுமாறாமல் ஒரே சீராக ஏற வேண்டும். 20 வோல்ட்டைத் தொட்டதும் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். கட்டுப்படுத்த எதுவும் இல்லாத நிலையில் ஓட்டுகிறோம், இன்னும் ஏற்றினால் காயில் கருகும்.

முள் சொல்வதை இப்படிப் படியுங்கள்:

சீராக 20 வரை ஏறுகிறது: டைனமோ நன்றாக இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் அதைக் கழற்றாதீர்கள். நேராக நான்காவது படிக்குப் போங்கள்.

எதுவுமே காட்டவில்லை: கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். பின் தட்டைக் கழற்றினால் தெரியும். நீளம் 9 மி.மீ.-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றுங்கள். நீளம் இருந்தும் கூட்டுக்குள் சிக்கி நின்றிருக்கலாம். பெட்ரோல் நனைத்த துணியால் கூட்டையும் பிரஷ்ஷின் பக்கவாட்டையும் துடைத்தால் சரியாகும். ஸ்பிரிங் பிரஷ்ஷின் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அரை முதல் ஒரு வோல்ட் வரை மட்டும்: ஆர்மேச்சர் இரும்பின் மிச்சக் காந்தத்தில் மட்டும் சுற்றுகிறது, ஃபீல்ட் வேலை செய்யவில்லை. எஃப் டெர்மினலுக்கும் உடம்புக்கும் இடையே ஓம் பாருங்கள். 6 ஓம் அளவில் இருக்க வேண்டும். முடிவிலி காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. பல நேரம் எஃப் டெர்மினலுக்கு உள்ளே ரிவிட் அடித்த இடத்தில்தான் விட்டிருக்கும், அதைப் பற்றவைத்தாலே போதும். பூஜ்யம் என்றால் காயிலோ டெர்மினலோ எர்த் அடிக்கிறது. முதலில் டெர்மினலின் இன்சுலேஷன் வாஷரைப் பாருங்கள். 6 ஓம் சரியாகக் காட்டியும் வோல்ட் ஏறவில்லை என்றால் டைனமோ காந்தத்தை இழந்திருக்கலாம். கீழே அறிகுறி 7-ல் உள்ள காந்தமேற்றும் வேலையைச் செய்து பாருங்கள்.

நாலைந்து வோல்ட்டில் நின்றுவிடுகிறது: ஆர்மேச்சர் வைண்டிங்கைச் சந்தேகப்படலாம். இதுதான் பட்டறைக்குப் போகும் இடம்.

*நான்காவது, அதே சோதனையை வயரின் மறுமுனையில்.* பலர் செய்யாமல் விடுவது இதைத்தான், பழைய வயரில் பழுது சிக்குவதும் இங்கேதான். டைனமோவில் வயர்களை மறுபடி மாட்டுங்கள். இப்போது கட்-அவுட் பாக்ஸ் பக்கத்தில் டி, எஃப் இரண்டையும் கழற்றி (விளக்கு வயர் வேண்டாம்), அந்த இரண்டு முனைகளையும் ஒன்றாகக் கிளிப் போட்டு, அங்கிருந்து பாடிக்கு மீட்டர் வையுங்கள். முன்பு போலவே மெதுவாக வேகம் கூட்டுங்கள். டைனமோவில் ஏறிய அதே வோல்ட் இங்கேயும் ஏற வேண்டும். அங்கே ஏறி, இங்கே ஏறவில்லை என்றால் குற்றவாளி வயர்.

எந்த வயர் என்று பிரிக்க என்ஜினை நிறுத்தி, இரண்டு முனையிலும் கழற்றி, ஓம் பாருங்கள். டி வயருக்கும் பாடிக்கும் முடிவிலி, எஃப் வயருக்கும் பாடிக்கும் முடிவிலி, டி-க்கும் எஃப்-க்கும் இடையே முடிவிலி. இந்த மூன்றும் வர வேண்டும். மீட்டரை வைத்துக்கொண்டே வயர்க் கட்டை ஓர் ஆளை விட்டு அசைக்கச் சொல்லுங்கள். வயர் என்ஜினிலிருந்து பாடிக்குத் தாவும் இடத்திலும், கிளிப்பின் அடியிலும்தான் முள் துடிக்கும். என்ஜின் ஆடும்போது அங்கேதான் வயர் தேய்கிறது.

எஃப் வயர் பாடியில் தொட்டால் டைனமோ படுத்துவிடும், கூடவே பாக்ஸின் ரெகுலேட்டர் பாயின்ட்டும் கருகும். அதனால் வயரைச் சரி செய்தபின் பாயின்ட்டையும் ஒருமுறை பாருங்கள்.

*ஐந்தாவது, பாக்ஸ்.* வயரும் டைனமோவும் தேறிவிட்ட பின்தான் மூடியைக் கழற்ற வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ரெகுலேட்டர் பாயின்ட்டை மெல்லிய கார்போரண்டம் கல்லாலோ சிலிக்கான் கார்பைடு தாளாலோ இரண்டே இழுப்பு. கட்-அவுட் பாயின்ட் மென்மையான உலோகம். அதற்கு மெல்லிய கண்ணாடித் தாள் மட்டும், கல் கூடாது. பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியை நடுவே விட்டு இழுத்துத் துடையுங்கள். எமரி தாள் எதற்குமே வேண்டாம்.

அறிகுறி 3: வேகம் கூடக் கூட விளக்கும் பிரகாசமாகிறது

விளக்கு இரண்டு முனைக்கும் உள்ள வோல்ட் வித்தியாசத்தில் எரிகிறது. டைனமோ பேட்டரியைத் தாண்டிப் போனாலும் எரியும். மிதமான வேகத்தில் அணைந்து, இன்னும் கூட்டினால் திரும்ப எரிந்தால் கட்-அவுட் மூடவில்லை என்று கொள்ளுங்கள்.

மங்கலாக எரிந்தால்: ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்கிறது, கட்-அவுட் மட்டும் மூடவில்லை. பாயின்ட்டில் அழுக்கு, அல்லது அட்ஜஸ்ட்மென்ட் கெட்டிருக்கிறது.

பளிச்சென்று எரிந்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள். பாக்ஸின் இ எர்த் அறுந்திருக்கிறது. ரெகுலேட்டர், கட்-அவுட் இரண்டின் காயிலும் அந்த ஒரே எர்த்தில்தான் முடிகின்றன. அது இல்லாவிட்டால் கட்-அவுட்டும் மூடாது, வோல்ட்டைக் கட்டுப்படுத்தவும் ஆள் இல்லை. ஒரு சின்னக் கறுப்பு வயரின் முனையில் இருக்கும் துருவால் டைனமோ காயில் கருகிப்போகும். அந்த வயரின் மறுமுனை பாடியில் போல்ட் ஆகும் இடத்தைப் பெயின்ட் போகும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பாடிக்குப் பெயின்ட் அடித்த கையோடு வரும் சார்ஜ் கோளாறுகளில் நான் முதலில் கை வைப்பது இங்கேதான்.

அறிகுறி 4: ஓடும்போது விளக்கு லேசாகச் சிவக்கிறது, ஹெட்லைட் போட்டால் கூடுகிறது

ஐடிலில் லேசாகத் துடித்தால் விட்டுவிடுங்கள். அந்த வேகத்தில் டைனமோவால் முடியாது, அது அதன் இயல்பு. வேகத்திலும் சிவந்தால் எங்கோ ஒரு இணைப்பில் வோல்ட் தேய்கிறது.

ஹெட்லைட்டைப் போட்டு, என்ஜினை நடுத்தர வேகத்தில் ஓட விட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பாக்ஸின் டி-யில் நிலையாக வையுங்கள். மறுமுனையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போங்கள்: ஏ, ஏ1, ஆம்மீட்டரின் இரண்டு பக்கம், சாவியின் உள்வரும் முனை, வெளிப்போகும் முனை. ஒவ்வொரு தாவலிலும் 0.1, 0.2 வோல்ட் கூடினால் பரவாயில்லை. எந்த இடத்தில் சட்டென்று அரை வோல்ட் கூடுகிறதோ அதற்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் பழுது. டி-க்கும் ஏ-க்கும் நடுவே என்றால் கட்-அவுட் பாயின்ட். ஏ1-க்கும் சாவிக்கும் நடுவே என்றால் வயர் முனையில் உள்ள லக் (இணைப்புத் தகடு). சாவிக்கு உள்ளேயே என்றால் சாவி சுவிட்ச் தேய்ந்திருக்கிறது.

இதே முறையில் டைனமோவின் டி-க்கும் பாக்ஸின் டி-க்கும் இடையிலும் பாருங்கள். என்ஜின் உடம்புக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையிலும் பாருங்கள். என்ஜின் எர்த் பட்டை அறுந்திருந்தால் கரண்ட் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாக வழி தேடும். சோக் கேபிள் சுட்டால் இதுதான் காரணம்.

அறிகுறி 5: சாவி அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக எரிகிறது, டைனமோ சுடுகிறது

பேட்டரியை இப்போதே கழற்றுங்கள், மற்றதைப் பிறகு படிக்கலாம். கட்-அவுட் பாயின்ட் ஒட்டிக்கொண்டு, பேட்டரி டைனமோவுக்குள் பின்னோக்கி ஓடுகிறது. பெல்ட் பிடித்திருப்பதால் டைனமோவால் சுற்றவும் முடியாது, சும்மா சூடாகும். அந்தக் கரண்டைத் தாங்காமல் பழைய துணி வயர் புகைய ஆரம்பிக்கும்.

பாயின்ட்டை மெல்லப் பிரித்துவிட்டால் இன்றைக்கு வண்டி ஓடும். ஆனால் ஒரு முறை ஒட்டிய பாயின்ட் திரும்பவும் ஒட்டும். பாயின்ட் பள்ளம் விழுந்திருந்தால் பாக்ஸை மாற்றுங்கள். பேட்டரிப் பக்கம் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் மாட்டுவதும் இந்த வண்டிகளுக்கு நல்ல காரியம். ஷெட்டில் வண்டி எரிந்துபோவதை அது தடுக்கும்.

அறிகுறி 6: சார்ஜ் அதிகம்; பல்பு அடிக்கடி போகிறது, பேட்டரித் தண்ணீர் வற்றுகிறது

முதலில் பேட்டரியின் ஒரு செல் செத்திருக்கிறதா என்று ஹைட்ரோமீட்டரால் பாருங்கள். ஒரு செல் போன பேட்டரி எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டே இருக்கும்.

பேட்டரி நல்லது என்றால், என்ஜின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பாக்ஸில் எஃப் வயரை மட்டும் கழற்றுங்கள்.

சார்ஜ் உடனே நின்று சிவப்பு விளக்கு வந்தால்: வயர் நல்லது. பழுது ரெகுலேட்டர் பக்கம். இ எர்த் பாதி விட்டிருக்கலாம், பாயின்ட் ஒட்டியிருக்கலாம், செட்டிங் மாறியிருக்கலாம். எர்த்திலிருந்து தொடங்குங்கள்.

சார்ஜ் நிற்கவில்லை என்றால்: டி-யும் எஃப்-ம் எங்கோ தொடுகின்றன. பழைய வண்டிகளுக்கே உரிய கோளாறு இது. இரண்டு வயரும் ஒரே துணி உறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ரப்பர் உதிர்ந்துவிட்டால் செம்பும் செம்பும் தொட்டுக்கொள்ளும். ரெகுலேட்டர் எத்தனை புதியதாக இருந்தாலும் பயனில்லை, அதைத் தாண்டி ஃபீல்டுக்கு முழுக் கரண்ட் போகிறது. டைனமோவிலும் இரண்டு வயரையும் கழற்றி ஓம் பார்த்தால் தெரிந்துவிடும்.

செட்டிங் பார்ப்பதென்றால்: ஏ, ஏ1 வயர்களைக் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி டேப் சுற்றுங்கள், என்ஜின் பேட்டரியில் ஓடும். மீட்டரை டி-க்கும் இ-க்கும் நடுவே வைத்து வேகம் கூட்டினால் முள் ஏறி ஓரிடத்தில் நின்றுவிடும். நம் ஊர் வெயிலில் 15.5 முதல் 16.5-க்குள் நின்றால் சரி. இது பேட்டரி சேராத வோல்ட், அதனால் அதிகமாகத்தான் இருக்கும். இதைப் பார்த்து பயந்து 14-க்கு இறக்கினால் பிறகு சார்ஜே ஏறாது. அரை நிமிஷத்துக்குள் அளந்து முடியுங்கள், காயில் சூடானால் அளவு மாறும். ஸ்குரூவைக் கால் திருப்புக்கு மேல் திருப்ப வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டு, தெரிந்த ஆட்டோ எலக்ட்ரிஷியனிடம் கொடுங்கள்.

அறிகுறி 7: பேட்டரி மாற்றிய பின், டைனமோ கழற்றி மாட்டிய பின் ஏறவில்லை, கட்-அவுட் படபடவென்று அடிக்கிறது

டைனமோவின் காந்தம் திரும்பிவிட்டது அல்லது போய்விட்டது. எர்த் முனையை மாற்றினாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். என்ஜினை நிறுத்தி, டைனமோவின் எஃப், டி இரண்டு வயரையும் கழற்றுங்கள். பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவின் எஃப் டெர்மினலை இரண்டு மூன்று முறை தொட்டுத் தொட்டு எடுங்கள். சிறு பொறி வர வேண்டும். வயர்களைத் திரும்ப மாட்டுங்கள். முடிந்தது வேலை, செலவு எதுவும் இல்லை. டி-யில் தொட்டுவிடாதீர்கள்.

அறிகுறி 8: ஆம்மீட்டர் முள் ஆடிக்கொண்டே இருக்கிறது

வயர் தளர்வு இல்லை என்று தெரிந்தபின் கம்யூட்டேட்டரை (ஆர்மேச்சரில் பிரஷ் உரசும் செம்புப் பட்டை உருளை) பாருங்கள். நல்ல கம்யூட்டேட்டர் சாக்லேட் நிறத்தில் வழவழப்பாக இருக்கும். கறுத்திருந்தால் மெல்லிய கண்ணாடித் தாளை மேலே வைத்து ஆர்மேச்சரைச் சுற்றித் துடையுங்கள். செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்கா செம்புக்குச் சமமாக வந்துவிட்டால் பிரஷ் துள்ளும். ஹாக்ஸா பிளேடின் பக்கங்களைத் தேய்த்து மெலிதாக்கி, அரை முதல் முக்கால் மி.மீ. ஆழத்துக்குக் கீறிவிடலாம். ஒரே ஒரு பட்டை மட்டும் கருகியிருந்தால் அதனோடு சேர்ந்த வைண்டிங் விட்டிருக்கிறது, துடைத்துப் பயனில்லை.

அறிகுறி 9: டைனமோ கீச்சிடுகிறது, உறுமுகிறது

கீச்சு பெல்ட்டிலிருந்தோ பின்பக்கப் புஷ்ஷிலிருந்தோ வரும். பின் தட்டின் நடுவில் உள்ள சின்ன ஓட்டையில் என்ஜின் ஆயில் இரண்டு மூன்று சொட்டு மட்டும் விடுங்கள். அதிகம் விட்டால் வழிந்து கம்யூட்டேட்டரில் ஏறும். உறுமல் முன்பக்க பேரிங். புல்லியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிந்தால் ஓட்டாதீர்கள். ஃபீல்ட் காயிலைப் பிடித்திருக்கும் இரும்புத் துண்டான போல்-ஷூவில் ஆர்மேச்சர் உரசினால் நல்ல டைனமோவும் வீணாகும்.

வயரை மாற்றும்போது

பழைய வயர்க் கட்டை உருவி எடுக்க வேண்டாம். உருவினால் அதனுள் உள்ள ஹாரன், லைட் வயர்களும் உதிரும். பழைய டி, எஃப் முனைகளை இரண்டு பக்கமும் வெட்டி டேப் சுற்றி அப்படியே விட்டுவிட்டு, புதிய இரண்டு வயரைத் தனி ஸ்லீவில் பக்கத்திலேயே ஓட்டுங்கள். டி-க்கு 4 சதுர மி.மீ., எஃப்-க்கு 1.5 சதுர மி.மீ. பல இழை உள்ள ஆட்டோ வயர். வீட்டு வயரிங்குக்குப் போடும் கெட்டி வயர் வண்டியின் அதிர்வில் லக்கின் கழுத்தில் முறிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்லீவ் போட்டுப் பிறகு சேர்த்துக் கட்டினால் அறிகுறி 6 திரும்ப வராது. லக்கை நன்றாக அழுத்தி, பிறகு கொஞ்சம் ஈயம். என்ஜினிலிருந்து பாடிக்குத் தாவும் இடத்தில் ஒரு தொங்கல் விடுங்கள். தகடு ஓட்டைகளில் ரப்பர் வளையம் கட்டாயம்.

தோற்றம் மாறாமல் இருக்க வேண்டும் என்பவர்கள் துணி சுற்றிய புதிய வயர் கிடைத்தால் வாங்கலாம். உள்ளே பிளாஸ்டிக் உறையும் இருக்கிறதா என்று ஒரு முனையை உரித்துப் பார்த்து வாங்குங்கள்.

எப்போது பட்டறைக்கு

மூன்று விஷயங்கள் வீட்டில் முடியாது. ஆர்மேச்சரில் உள் ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்க க்ரௌலர் என்ற சோதனைக் கருவி வேண்டும். நீள்வட்டமாகத் தேய்ந்த கம்யூட்டேட்டரை லேத்தில் பிடித்துச் சீவ வேண்டும். ஃபீல்ட் காயில் கட்டுவதற்குப் போல்-ஷூ ஸ்குரூவைக் கழற்ற வேண்டும். சாதாரண ஸ்குரூடிரைவரால் முயன்றால் தலை போய்விடும். மோட்டார் வைண்டிங் கட்டும் பழைய ஆட்கள் இதைச் செய்துகொடுப்பார்கள்.

கொடுக்கும்போது, தனியாகச் சோதித்ததில் எத்தனை வோல்ட் வந்தது, எஃப்-க்கும் உடம்புக்கும் எத்தனை ஓம் என்று ஒரு தாளில் எழுதிக் கட்டிக் கொடுங்கள். என்ன கழற்ற வேண்டும், எதைத் தொட வேண்டாம் என்று அதிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். திரும்ப வாங்கும்போது அவர்கள் முன்னாலேயே மீட்டர் வையுங்கள். எஃப்-க்கும் உடம்புக்கும் 6 ஓம் அளவில் வர வேண்டும். டி-க்கும் எஃப்-க்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும்; பிரஷ், ஆர்மேச்சர் வழியாக எர்த் போய்த் திரும்புவதால் கொஞ்சம் கூடலாம். 2, 3 ஓம் என்றால் மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த கம்பி சுற்றியிருக்கிறார்கள்; ரெகுலேட்டர் பாயின்ட் தாங்காது, அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வண்டியில் மாட்டியதும் அறிகுறி 7-ல் சொன்னபடி காந்தம் ஏற்றிவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.